ஜமுக்காளம் தாண்டிப் போன வீடு

இதை எழுதக் கூடாது என்று எங்கள் தெருவில் மூன்று பேர் சொன்னார்கள். ஒருவர் அன்பாகச் சொன்னார், ஒருவர் அதட்டிச் சொன்னார், மூன்றாமவர் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார். டீயைக் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். "தெரு மானத்தப் புஸ்தகத்துல ஏத்தாதீரும் வே" என்பதுதான் மூவர் பேச்சின் சாரமும். என் புத்தகங்கள் விற்கிற அழகுக்கு, மானம் போவதென்றாலும் அது வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அனுமதி கேட்க வேண்டிய ஒரே ஆளிடம் கேட்டுவிட்டேன். அவள் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னாள்: "எம் பேரு வேண்டாம் அண்ணாச்சி. புள்ளைய பேரும் வேண்டாம். மத்தபடி நடந்தத நடந்த மாதிரி எழுதுங்க." மிஷினை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தாள். "நான் தைக்கிற நைட்டில தையல் விடாதுன்னு வேணா ஒரு வரி போடுங்க." போட்டாயிற்று.

பாளையங்கோட்டையில், பாளையங்கால்வாயை ஒட்டி இருக்கிறது எங்கள் தெரு. வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் அவர்களுடைய பென்ஷன்களும் குடியிருக்கும் இடம். வாரம் ஒரு சாயங்காலம் வீட்டு ஜெபக் கூட்டம் உண்டு. முறை வைத்து, வீடு வீடாக. எல்லோரும் உட்கார ஒரு பெரிய ஜமுக்காளம் வைத்திருக்கிறோம். சிவப்பும் நீலமுமாகப் பட்டை போட்டது. ஒரு மூலையில் யாரோ எப்போதோ கொட்டிய காப்பியின் கறை. கூட்டம் முடிந்ததும் அதைச் சுருட்டி அடுத்த முறைக்காரர் தோளில் ஏற்றிவிடுவோம். ஜமுக்காளம் எந்த வீட்டில் படுத்திருக்கிறதோ அடுத்த வாரம் கூட்டம் அந்த வீட்டில். அது வந்து இறங்கியதுமே அந்த வீட்டில் சுண்டலுக்குக் கடலை ஊறத் தொடங்கும். எங்கள் பக்தியில் கடலையின் பங்கு கணிசமானது.

எங்கள் வரிசையில் கடைசிக்கு முந்தினது என் வீடு. கடைசி வீடு, கால்வாய்க் கரையில் இருப்பது, அவளுடையது. முறைப்படி பார்த்தால் என் வீட்டிலிருந்து ஜமுக்காளம் அங்கேதான் போக வேண்டும். போகாது. அவள் வாசலைத் தாண்டித் தெருவைக் கடந்து எதிர் வரிசைக்குப் போய்விடும். ஒவ்வொரு சுற்றிலும் எதிர் வரிசைக்காரருக்கு உதவியாக நானே அதைச் சுமந்து அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒருமுறைகூடத் தோள் உறுத்தாமல்.

இப்படித் தாண்டிப் போகச் சொல்லி யாரும் தீர்மானம் போடவில்லை. அவளுடைய புருஷன் மஸ்கட்டில் வெல்டராக இருக்கிறான். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து இரண்டு பிள்ளைகளோடு அவளை இங்கே குடிவைத்துவிட்டுப் போனவன், எப்போதாவது லீவில் வருவான். ஆம்பிளை இல்லாத வீடு. சின்ன வயசுப் பெண். அந்த வீட்டில் போய்க் கூட்டமாக உட்காருவது மரியாதை இல்லை, சுண்டல் செலவை அவள் தலையில் கட்டுவது நியாயமும் இல்லை. ஆகவே நாங்கள் அந்த வீட்டுக்குள் போகவில்லை. பதிலுக்கு, கூட்டம் எங்கே நடந்தாலும் "கடைசி வீட்டுச் சகோதரிக்காகவும் அவளுடைய பிள்ளைகளுக்காகவும்" என்று தனியாக ஒரு ஜெபம் உண்டு. என் வீட்டில் நடக்கும்போது அது இன்னும் விசேஷம். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே சுவர்தானே? நாங்கள் அவளுக்காக உருகி உருகி ஜெபித்ததை அவளே இலவசமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

அவள் பக்கத்திலும் இதே மரியாதைதான். ஊரிலிருந்து மாமியார் போனில் சொல்லிக்கொண்டே இருப்பாளாம்: "ஆம்பிளை இல்லாத வீட்டுல ஆள் நடமாட்டம் ஆகாது. கதவச் சாத்தியே வையி." வெளியே நாங்கள் நல்லவர்களாக இருந்தோம். உள்ளே அவள் நல்லவளாக இருந்தாள். நடுவில் ஒரு கதவு சாத்தியே கிடந்தது.

அந்த வருஷம் கார் நெல் பருவத்துக்குப் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். கால்வாய் நிறைந்து ஓடியது. அவள் வீட்டுப் புறவாசல் நேரே கால்வாய்ப் படித்துறையில் போய் இறங்கும். கதவு ஒன்று உண்டு. ஆனால் அதன் கீழ்ப்பாதியைக் கரையான் தின்றுவிட்டது. பெரியவர்கள் யாரும் நுழைய முடியாது. இரண்டு வயதுப் பையன் தாராளமாக நுழையலாம். அவளுக்கு இருந்தது அப்படி ஒரு பையன். நடக்கப் பழகாமல் நேரே ஓடப் பழகியவன். அவனுக்கு மூத்தவள் நான்கு வயது அக்கா.

தண்ணீர் வந்த வாரத்தில் அழுகை கேட்கத் தொடங்கியது. சும்மா பசிக்கு அழுகிற அழுகை இல்லை. மூச்சு முட்டி, நின்று, மறுபடி தொடங்குகிற அழுகை. நடுவில் அவள் கத்துவது கேட்கும். சில சமயம் ஒரு பளார். அதற்கப்புறம் ஒரு நிசப்தம். அது அழுகையைவிட மோசம்.

சுவருக்கு இந்தப் பக்கம் நான் கொசுக்களைப் பற்றி ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியதிலிருந்து என் தொழில் அது. பெங்களூரில் இருக்கும் மகன் காதில் மாட்டிக்கொள்கிற ஹெட்போன் ஒன்று அனுப்பியிருந்தான். பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது என்று அதைப் பற்றிச் சொல்லியிருந்தான். பையன் பொய் சொல்லவில்லை. கட்டுரை நன்றாகவே வந்தது.

எதிர் மாடி வீட்டில் ஓர் அம்மா இருக்கிறார், ஹாஸ்டல் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டைமாடியில் வற்றல் காயப்போடப் போனவர் அவள் புறவாசலை எட்டிப் பார்த்து, போனில் வீடியோ எடுத்துவிட்டார். துவைகல்லில் ஒரு பழைய சேலைக் கிழிசல் கட்டியிருக்கிறது. அதன் மறு நுனி பையனுடைய கணுக்காலில். சுற்றிலும் பொரி சிதறிக் கிடக்கிறது. அவன் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுகிறான். "இந்தக் கொடுமையைப் பாருங்கள்" என்று எழுதி எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

அழுகிற முகங்கள் வந்தன. கும்பிடுகிற கைகள் வந்தன. ஒருவர் ஆமென் போட்டார். எதற்கு ஆமென் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நடுவில் யாரோ ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினார்கள். நானும் ஒரு கும்பிடுகிற கையைப் போட்டேன். சொந்தக் கையைத் தூக்கச் சோம்பலாக இருப்பவர்களுக்கு அது பெரிய வசதி.

அந்த வாரம் ஜமுக்காளம் என் வீட்டில். ஜெபம் முடிந்து சுண்டல் வந்ததும் எங்கள் ஜெபக் குழுவின் செயலாளர் தொண்டையைச் செருமினார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். எதிரில் இருப்பவருக்கு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்கிற குரலில்தான் வணக்கமே சொல்வார்.

"இத இப்படியே விடக்கூடாது. நான் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். பிள்ளைய விஷயத்தப் பாக்குறதுக்குன்னு ஜில்லாவுல ஆபீஸ் இருக்குல்லா, அங்கன. சனிக்கிழம ஆபீசர் வாராங்க. ரெண்டு பிள்ளைகளையும் ஒரு நல்ல ஹோம்ல சேத்திரணும். மூணு வேளச் சோறு, படிப்பு, ஜெபம், எல்லாம் உண்டு."

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. வகுப்பில் கடைசி பெஞ்சைக் கேட்கிற தொனியில் கேட்டாள்: "அம்மா உண்டா அண்ணாச்சி அங்கன?"

"கட்டிப் போடுத அம்மா இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?"

அவர் குரலில் பொய்யான கோபம் இல்லை. அந்த வீடியோவைப் பார்த்து அவர் அன்று இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை என்று பின்னால் அவர் மனைவி சொல்லித் தெரிந்தது. நல்ல மனிதர். நாங்கள் எல்லோருமே நல்ல மனிதர்கள்தான்; எங்களிடம் இருந்த வியாதியே அதுதான்.

எல்லோரும் கலைந்தார்கள். எதிர் வரிசைக்காரர் முதுகுவலி என்று சொல்லி ஜமுக்காளத்தை அப்புறம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அது எங்கள் முன்னறையில் சுருண்டு கிடந்தது.

"ஆபீசர் வாரதுக்கு முந்தி நாம போவோம்" என்றாள் மனைவி.

"நாமன்னா யாரு?"

"இந்த வீட்டுல வேற யாரு இருக்கா? ஒங்க கொசுவா?"

மறுநாள் சாயங்காலம் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனோம். கதவைத் தட்டியதும் உள்ளே மிஷின் நின்றது. "யாரு?" என்று ஒரு குரல். பக்கத்து வீடு என்று சொன்னோம். நாங்கள் திரும்பிவிடுவோம் என்று அவள் காத்திருந்தாள். நானும் அதையே எதிர்பார்த்தேன். என் மனைவி நகரவில்லை. கடைசியில் சங்கிலி கழன்றது.

முன்னறை முழுக்க வெட்டிய நைட்டித் துணி குன்று குன்றாகக் கிடந்தது. கடைக்குத் தைத்துக் கொடுக்கிறாள். பையன் அவள் இடுப்பில். கணுக்காலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். தேங்காய் எண்ணெய் தடவியிருந்தது. பெண் குழந்தை ஒரு துணிக் குன்றின்மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், வழக்கம்போலத் தலையைச் சொறியக் கையைத் தூக்கினேன்.

அந்தக் குழந்தை இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தது.

நான் கையை இறக்கவும் பயந்து அப்படியே நின்றேன். அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆமாக்கா, நான்தான் அடிக்கேன்" என்றாள் என் மனைவியிடம். "கட்டிப் போட்டதும் நான்தான். கட்டாட்டா தண்ணிக்குப் போயிருதான். ரெண்டு தடவ படியில எறங்கிட்டான். கதவச் சரி பண்ணித் தாங்கன்னா, வீட்டு ஓனரு மெட்ராஸ்ல இருந்துக்கிட்டு ஆகட்டும் ஆகட்டும்ங்காரு. கடைக்குச் சொன்ன கெடுவுக்குத் துணி தச்சுக் குடுக்கணும். மிஷின்ல உக்காந்தா இவன் ஓடுதான், இவனப் புடிச்சா அவ துணிய இழுக்கா. கட்டுனதுகூட எனக்குப் பெருசாத் தெரியலக்கா. அன்னைக்கு இவனப் புடிச்சு உலுக்கிட்டேன். தல இங்கயும் அங்கயும் ஆடுது, நான் நிறுத்தல. எப்படியோ கீழ விட்டுட்டு பாத்ரூம்ல போய்த் தாப்பாப் போட்டுக்கிட்டேன். என் கையப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

"யார்ட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். பேசாமலேயே இருந்திருக்கலாம்.

அவள் முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "யார்ட்ட அண்ணாச்சி? இந்தக் கதவக் கடைசியாத் தட்டுனது யாரு தெரியுமா? கரண்டு ரீடிங் எடுக்க வந்தவரு. நீங்க எனக்காக ஜெபம் பண்ணுனது கேட்டுது. நல்லாச் சத்தமாத்தான பண்ணுனீய."

அதுவரை தூக்கியபடியே இருந்த கையை அப்போதுதான் இறக்கினேன்.

என் மனைவி உபதேசம் எதுவும் செய்யவில்லை. பையனைக் கையில் வாங்கிக்கொண்டு, "குளிச்சியா?" என்று கேட்டாள்.

"முந்தாநாளு."

"போய்க் குளி. பைய குளி. அவசரமே இல்ல. நாங்க இங்கன இருக்கோம்."

அவள் போனாள். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அதற்குள்ளே வேறொரு சத்தமும் கேட்டது. நாங்கள் கேட்காததுபோல இருந்தோம். இந்த முறை அது சரியான மரியாதை. நான் தரையில் உட்கார்ந்தேன், கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, பார்வைக்கு எட்டுகிற மாதிரி. பெண் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. அம்மாவின் அளவெடுக்கும் டேப்பை எடுத்து என் இடுப்பைச் சுற்றிப் பார்த்தது.

"தாத்தா, டேப்பு பத்தல."

ஐம்பத்து நான்கு வயதில் என்னைத் தாத்தா என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். டேப் போதாது என்ற விஷயத்தில் வேறு சிலர் ஏற்கெனவே முந்திக்கொண்டிருந்தார்கள்.

ஈரத் தலையோடு அவள் வந்ததும் ஆபீசர் வரப்போவதை மனைவி சொன்னாள். மறைப்பது தப்பு என்று நினைத்தோம். அவள் பையனை வெடுக்கென்று வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "புள்ளையளத் தூக்கிட்டுப் போயிருவாங்களாக்கா?" என்று கேட்டாள். அதை அவள் சுவரைப் பார்த்துக் கேட்டாள். அந்தப் பக்கம் எங்கள் வீடு.

சனிக்கிழமை காலையில் ஜமுக்காளத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். என் வாசலுக்கும் அவள் வாசலுக்கும் பத்தடி கூட இராது. ஆனால் நான் அந்தப் பத்தடியை நடக்கவில்லை. தெருவின் மறுகோடி வரைக்கும் போய், டீக்கடையில் ஜமுக்காளத்தோடேயே நின்று, எல்லோரும் பார்க்கட்டும் என்று திரும்பி நடந்து வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே ஊர்வலம் அது. கலந்துகொண்டவன் ஒருவன், வேடிக்கை பார்த்தவர்கள் தெரு முழுக்க.

செயலாளர் தன் வீட்டுக் கேட்டில் நின்றார். "என்ன வே, எங்கன தூக்கிட்டுப் போறீரு?"

"மொற வீட்டுக்கு."

"மொற எதிர் வரிசைக்குல்லா?"

"எனக்கு அடுத்தது கடைசி வீடு. நான் மேனேஜரா இருந்ததில்ல, ஆனா அவ்வளவு கணக்குத் தெரியும்."

"ஆம்பிளை இல்லாத வீடு வே அது!"

"அதான் நான் போறேன்லா. நான் என்ன பூசணிக்காயா?"

அவர் என் உருவத்தை மேலும் கீழும் பார்த்தார். பதில் நாக்கு நுனி வரை வந்ததை அடக்கிக்கொண்டார் என்றே நினைக்கிறேன். "ஒமக்குக் கோட்டி புடிச்சிருக்கு. நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்."

"பேசட்டும். பேசுறதுக்கு வாசல் வரைக்கும் வரணும்லா. அப்படியாவது நாலு பேரு வரட்டும்."

சொல்லிவிட்டு ஜமுக்காளத்தைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன். ஜமுக்காளம் கனம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஆபீசர் ஸ்கூட்டரில் வந்தார். இளவயதுப் பெண், முகமெல்லாம் தூசி. வந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் முன்னறையில் ஜமுக்காளம் விரித்திருந்தது. துணிக் குன்றுகளை என் மனைவி ஓரமாக ஒதுக்கியிருந்தாள். ஆபீசர் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பையனுடைய காலைப் பார்த்தார். புறவாசல் கதவைப் போய்ப் பார்த்தார். ஓட்டை வழியே தெரிந்த தண்ணீரைக் கொஞ்சநேரம் பார்த்தார். பெண் குழந்தையோடு தனியாகப் பேசினார். பிறகு அம்மாவோடு பேசினார். உலுக்கியதை அவள் மறைக்கவில்லை. மறைத்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. நல்லவேளை, காதில் விழுகிற தூரத்தில்தான் என்றாலும், நான் வாசலுக்கு வெளியே இருந்தேன்.

இதற்குள் வாசலில் தெரு கூடிவிட்டது. கதவு திறந்திருந்த அந்த வீட்டை முதன்முறையாக எல்லோரும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் முன்னால் வந்து, ஹோம், மூன்று வேளைச் சாப்பாடு, படிப்பு, எல்லாவற்றையும் ஆபீசரிடம் எடுத்துச் சொன்னார். ஆபீசர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"சார், பிள்ளைங்களத் தூக்கிட்டுப் போறது எனக்குக் கஷ்டமே இல்ல. ஒரு வண்டி வரச் சொன்னாப் போதும். இந்த வீடு பிள்ளைங்களுக்கு ஆபத்துன்னு ஆனா அதையும் செய்யத்தான் செய்வேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கேன். இந்தப் பொண்ணு மிஷின்ல உக்காந்திருக்கும்போது இவனப் பாத்துக்க இங்க யாரு இருக்கா?"

ஒருவர் மின்கம்பத்தை ஆராய்ந்தார். ஒருவருக்குப் போன் வந்தது, மணியடிக்காமலேயே வந்தது. அவள் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நான் இருக்கேன்" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையது என்று புரிய எனக்கே கொஞ்சம் நேரமாயிற்று.

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், இவர் சொந்தப் பிள்ளைக்கே ஒருநாளும் கால் கழுவி விட்டதில்ல" என்று அரசாங்கத்திடம் நேரடியாகப் புகார் கொடுத்தாள்.

"இனிமேக் கழுவுதேன்" என்றேன். "ஊர் சுத்தி ஜமுக்காளம் தூக்கினவனுக்கு இது என்ன பெரிய வேல?" கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். பேச்சாளன் அல்ல நான். ஆனால் அன்றைக்கு அடக்க முடியவில்லை. "இவ பிள்ளையக் கட்டிப் போட்டா. நாம கதவச் சாத்தி இவளக் கட்டிப் போட்டோம். ஹோமுக்கு யாரையாவது அனுப்பணும்னா தெருவோட மொத்தமா அனுப்புங்க. அங்கன மூணு வேளச் சோறு போடுவாங்களாம்லா."

மாடி வீட்டு வார்டனம்மாதான் முதலில் முன்னால் வந்தார். போனைச் சேலை முந்தானைக்குள் மறைத்தபடி, அவளைப் பார்க்காமல் சொன்னார்: "மத்தியானம் நான் சும்மாதான் இருக்கேன். மேல நின்னு பாக்குறத இங்க உக்காந்து பாக்கேன்."

ஆபீசர் ஒரு நிபந்தனை போட்டார். யார் பார்த்துக்கொண்டாலும் இந்த முன்னறையில்தான், வாசல் கதவு விரியத் திறந்திருக்க வேண்டும், அம்மா கண்ணெதிரே மிஷினில் இருக்க வேண்டும். பிள்ளையை யாரும் தனியாகத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. "உங்களையும் சேத்துத்தான் சார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வீரம் காட்டியவனுக்கு இதுதானா? பிறகு யோசித்துப் பார்த்தேன். என்னை அவருக்கு என்ன தெரியும்? நல்லவன் என்று என் முகத்திலா ஒட்டியிருக்கிறது? தெரியாத ஆளை நம்பாமல் இருப்பதுதான் அவர் வேலை. சரி என்றேன்.

அவள் மனம்விட்டுப் பேச ஒரு ஆலோசகப் பெண்ணை ஏற்பாடு செய்வதாகவும், பெண் குழந்தையை அங்கன்வாடியில் சேர்க்கத் தானே வந்து சொல்வதாகவும், முன்னறிவிப்பு இல்லாமல் அடிக்கடி வந்து பார்ப்பதாகவும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கை ஒழுங்காகக் காப்பாற்றினார். அவருடைய ஸ்கூட்டர் சத்தத்துக்கு இன்றைக்கும் நான் நிமிர்ந்து உட்காருகிறேன்.

கூட்டம் கலைந்த பிறகு செயலாளர் மட்டும் நின்றார். "நான் பிள்ள பாக்க மாட்டேன் வே. எனக்கு அது வராது."

"ஒம்மள யாரு கேட்டா?"

"கதவு போட்டுத் தாரேன்." அன்று சாயங்காலமே ஆசாரியைக் கூட்டி வந்து புறவாசலில் நின்றார். அவன் கொக்கியை மேலே வைத்தான்; இன்னும் மேலே வையென்று அவனோடு சண்டை போட்டார். "பயல் வளருவாம்லா" என்றார்.

அந்த வாரமே மஸ்கட்டிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. நான் ஜமுக்காளத்தில் மல்லாந்திருந்தேன். பையன் என் வயிற்றின்மேல் தூங்கிக்கொண்டிருந்தான். நிலப்பரப்பு போதுமானதாக இருந்தது. அவள் போனைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. எடுத்தாள்.

"யாரு அது பின்னால?" என்றது போன்.

அவள் பதில் சொல்லுமுன் நான் முந்திக்கொண்டேன். "பக்கத்து வீடு தம்பி. சும்மா இருக்கிற ஆளு. கதவு தொறந்துதான் இருக்கு, வேணும்னா தெருவ முழுசாக் காட்டச் சொல்லட்டா?" சண்டைக்கு ஆயத்தமாகத்தான் இருந்தேன். வயிற்றில் பிள்ளை தூங்கும்போது எவ்வளவு சண்டை போட முடியுமோ அவ்வளவு.

அந்தப் பக்கம் மெதுவாக, "அவன் காலக் காட்டுங்க அண்ணாச்சி" என்றான்.

வீடியோ அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. எங்கள் தெருவிலிருந்து கடைசி வீட்டுக்கு ஒரு ஆள் போவதற்குள் அது கடல் தாண்டிவிட்டது. அவள் போனைக் கீழே இறக்கிக் காலைக் காட்டினாள். சிவப்பு வளையம் மங்கி, பழுப்பாகியிருந்தது. அவன் வெகுநேரம் பார்த்தான். வெயில் தொப்பியோடு, எங்கோ ஒரு இரும்புக் குழாயின்மேல் உட்கார்ந்திருந்தான். "நானும்தான் கதவச் சாத்தச் சொன்னேன்" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. பிறகு அவளிடம், "அம்மைட்ட நான் பேசிக்கிடுதேன். நீ தொறந்தே வையி" என்றான்.

எல்லாம் சுபமாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் இப்போதும் கத்துகிறாள். சில நாள் கை தானாக மேலே போகிறது. அப்படிப் போகும்போது அவள் செய்ய வேண்டியதை ஆபீசர் அனுப்பிய பெண்ணும் அவளுமாகப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள்: கத்திரிக்கோலின் கைப்பிடியால் சுவரைத் தட்டுவாள். யார் என் வீட்டில் இருந்தாலும் அப்படியே எழுந்து போக வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. மகன் அனுப்பிய ஹெட்போன் அலமாரியில் தூங்குகிறது. கட்டுரைகளின் தரம் குறைந்துவிட்டதாகப் பத்திரிகை ஆசிரியர் குறைப்பட்டார். முதலில் அது எங்கே இருந்தது என்று அவரிடம் கேட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஜமுக்காளத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எதிர் வரிசைக்காரர் வந்தார். முதுகுவலி குணமாகிவிட்டதாம். "அது இங்கனதான் இருக்கும்" என்றேன். "மொற வீடு இது. வாரதுன்னா இங்கன வாங்க." ஜமுக்காளத்தின் இப்போதைய நிலவரத்தையும் விளக்கினேன். காப்பிக் கறைக்குப் பக்கத்தில் பையன் தன் பங்குக்குச் சில தேசப்படங்கள் வரைந்திருந்தான். எத்தனை அலசினாலும் வாசனை முழுசாகப் போகவில்லை. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். ஆனால் அந்த வாரம் வந்தார். எல்லோருமே வந்தார்கள். அவளைக் கடலை அவிக்க நாங்கள் விடவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுச் சுண்டலைக் கொண்டு வந்தார்கள். அத்தனை சுண்டலை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை.

செயலாளர் ஜெபம் தொடங்கினார். கடைசி வீட்டுச் சகோதரிக்காகவும் என்று பழக்கத்தில் வாயெடுத்துவிட்டு நிறுத்தினார். அந்தச் சகோதரி அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். அந்த இடைவெளியில் பையன் என் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, தலை குனிந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே அடுக்களைப் பக்கம் ஓடினான்.

"ஏலே, பின் கதவு!" என்று ஜெபத்தின் நடுவிலேயே கத்தினார் செயலாளர். கண்ணை மூடியிருந்ததாக நினைத்தேன், மூடவில்லை. யாருமே மூடவில்லை. வார்டனம்மா பாதி எழுந்துவிட்டார், என் மனைவி ஏற்கெனவே அடுக்களையில் இருந்தாள், முதுகுவலிக்காரர்கூடக் குறுக்கே காலை நீட்டி மறித்தார்.

கொக்கி மேலே போட்டிருந்தது. பையன் கதவை இரண்டு கையாலும் தட்டிப் பார்த்துவிட்டு, யாரோ திறப்பார்கள் என்று திரும்பி எங்களைப் பார்த்தான். அவள் மட்டும் எழவில்லை. ஜமுக்காளத்தில் உட்கார்ந்தபடியே, எங்கள் அத்தனை பேரும் அவனைப் பிடிக்க ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, சுண்டலைத் தின்றுகொண்டிருந்தாள்.